பிரசவ கேஸுக்குப் போறீங்களா? குழந்தைய மட்டும் பாக்காதீங்க, பெத்தவங்க மனசையும் பாருங்க

ஆம்புலன்ஸ்லயே டெலிவரி ஆன ஒரு கேஸ். குழந்தை வெளிய வந்துடுச்சு, நானும் என்கூட இருந்தவரும் துணியால துடைக்கிறோம், முதுகைத் தேய்க்கிறோம், வாய் மூக்கு பாக்குறோம், ஒரு 20 செகண்டு போயிருக்கும், குழந்தை வீல்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. எங்களுக்கு உயிரே வந்த மாதிரி இருந்துச்சு, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சுக்கிட்டோம். பல மாசம் கழிச்சு வேற ஒரு விஷயமா அந்த அம்மாவப் பாக்க வேண்டி வந்துச்சு, அப்ப அவங்க சொன்னாங்க, "வலியெல்லாம் மறந்தே போச்சு சார், ஆனா நீங்க ரெண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னீங்க, குழந்தை அழல, நீங்களும் ஒண்ணும் பேசல, செத்துப் போச்சுன்னே நெனச்சுட்டேன், அதுதான் இன்னும் கனவுல வருது"ன்னாங்க.

நாங்க செஞ்சதுல தப்பு எதுவும் இல்ல, குழந்தைக்கு என்ன செய்யணுமோ அதத்தான் செஞ்சோம். ஆனா கை வேலை பாக்கும்போதே வாய் சும்மாதான இருந்துச்சு, "குழந்தைய துடைச்சு விடுறோம் மா, மூச்சு எடுக்க உதவி பண்றோம், ஒரு நிமிஷம்"னு ஒரு வரி சொல்லியிருந்தா அந்த 20 செகண்டு அவங்களுக்கு வேற மாதிரி இருந்திருக்கும். அதுக்கப்புறம் இது பத்தி நிறைய படிச்சேன், நிறைய பேர்கிட்ட கேட்டேன், கேஸுக்குப் போகும்போது மாத்திப் பாத்தேன். ஆம்புலன்ஸ்ல இருக்கறவங்க, ஃபயர் சர்வீஸ், போலீஸ், கண்ட்ரோல் ரூம்ல போன் எடுக்கறவங்க எல்லாருக்கும் உதவும்னுதான் இத எழுதுறேன்.

முதல்ல ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி கர்ப்பமா இருக்கற பெண்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கும், புதுசா குழந்தை பெத்தவங்கள்ல சுமார் 13 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சனை இருக்கு, பெரும்பாலும் டிப்ரஷன். வளரும் நாடுகள்ல இது இன்னும் அதிகம், பிரசவத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட 20 சதவீதம். அதாவது நீங்க பாக்குற பத்து பிரசவ கேஸ்ல ஒண்ணு ரெண்டு பேர் ஏற்கனவே உள்ளுக்குள்ள கஷ்டத்துல இருக்காங்க. அவங்க டாக்டர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க, வீட்லயும் சொல்லியிருக்க மாட்டாங்க. பிரசவ காலம்னு நான் சொல்றது கர்ப்பம் தரிச்சதுலேர்ந்து குழந்தைக்கு ஒரு வயசு ஆகற வரைக்கும், வலி வந்து பெத்து முடிக்கிற அந்த ஒரு நாள மட்டும் இல்ல. ஏன் ஒரு வருஷம் வரைக்கும்னா, பிரிட்டன்ல தாய் இறப்புகள வருஷா வருஷம் ஆராயுறாங்க, அங்க பிரசவம் முடிஞ்சு ஆறு வாரத்துலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள, கர்ப்பத்தோட நேரடியா சம்பந்தப்பட்ட சாவுகளுக்கு முதல் காரணமா வர்றது தற்கொலை. அந்த நேரத்துல அவங்களப் பாக்க வர்ற ஆள் பெரும்பாலும் யாருமே இல்ல, குழந்தைக்கு தடுப்பூசி போட கூட்டிட்டுப் போனா அங்கயும் குழந்தையத்தான் கேப்பாங்க.

பிரசவம் நடந்துக்கிட்டு இருக்கும்போது

உள்ள போனதும் உங்க பேர சொல்லுங்க, அவங்க பேர கேளுங்க, அந்தப் பேர சொல்லியே கூப்பிடுங்க. "பேஷண்ட்"னு அவங்க காதுபட பேசாதீங்க. ரெண்டு மூணு பேரா போயிருந்தா யாரு அவங்ககிட்ட பேசப் போறாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, ஒரே ஆள், ஒரே குரல். வலி உச்சத்துல இருக்கறவங்களுக்கு நாலு பக்கத்துலேர்ந்து "முக்கு, முக்காத, மூச்ச விடு, படு"ன்னு சத்தம் வந்தா எதையும் கேக்க முடியாது, பயந்துதான் போவாங்க. பேசற ஆள் தலமாட்டுல, அவங்க கண்ணுக்கு நேரா, குனிஞ்சு உக்காந்துக்கணும். நின்னுக்கிட்டு மேலேர்ந்து பேசாதீங்க.

தொடறதுக்கு முன்னாடி கேளுங்க. இது ரொம்ப சின்ன விஷயம்னு நெனைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, நானும் ஒரு காலத்துல அப்படித்தான். துணிய விலக்கறதுக்கு முன்னாடி "குழந்தை தலை தெரியுதான்னு பாக்கணும் மா, துணிய விலக்கலாமா"ன்னு கேளுங்க, அவங்க தலையாட்டற வரைக்கும் ஒரு செகண்டு நில்லுங்க. பாத்து முடிச்சதும் மூடி விடுங்க. முன்னாடி எப்பவாவது பாலியல் கொடுமைக்கு ஆளானவங்க இருப்பாங்க, அத உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, ஆனா கேக்காம கை வச்சா அவங்க உடம்பு அப்படியே விறைச்சிடும். சில பேர் கத்துவாங்க, சில பேர் சுத்தமா பேச்ச நிறுத்திட்டு எங்கயோ வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, "ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க"ன்னு நாம எழுதிடுவோம். அந்த வெறிச்ச பார்வைய பாத்தா கைய எடுத்துட்டு, "நான் இப்ப உங்களத் தொடல, நீங்க சொன்னாதான் தொடுவேன்"னு சொல்லிப் பாருங்க. நெறைய தடவை திரும்பி வந்துடுவாங்க.

வேடிக்கை பாக்குற கூட்டத்த வெளிய அனுப்புங்க. நடுரோட்டுல டெலிவரி ஆச்சுன்னா ஒரு பெட்ஷீட்ட நாலு பேர் சுத்திப் பிடிச்சாலே போதும். போலீஸ்காரங்க அங்க செய்யக்கூடிய ரொம்ப பெரிய உதவி, போன்ல வீடியோ எடுக்கறவன தடுக்கறதுதான்.

குழந்தை பிறந்ததும் நல்லா அழுதுச்சுன்னா துடைச்சு நேரா அம்மா நெஞ்சு மேல போடுங்க, தோலோட தோல் படணும், மேல காஞ்ச துணியப் போத்துங்க. தொப்புள்கொடிய உடனே வெட்ட அவசரப்படாதீங்க, உலக சுகாதார நிறுவனமே குறைஞ்சது ஒரு நிமிஷம் பொறுக்கணும்னுதான் சொல்லுது. இது குழந்தையோட சூட்டுக்கும் ரத்தத்துக்கும் நல்லதுன்னு நமக்குத் தெரியும், அதே நேரத்துல அந்தப் பொண்ணு முதல் தடவையா தன் குழந்தையப் பாக்குற நிமிஷமும் அதுதான். வண்டி கிளம்பறப்ப குழந்தைய வேற இடத்துல பத்திரமா கட்டி வைக்க வேண்டியிருந்தா, "வண்டி ஆடும்போது மடியில வச்சுக்கறது ஆபத்து மா, உங்க கண்ணுக்குத் தெரியற மாதிரிதான் வச்சிருக்கேன்"னு காரணத்த சொல்லிட்டு எடுங்க. சொல்லாம எடுத்தா பிடுங்கிட்டுப் போன மாதிரிதான் இருக்கும்.

குழந்தை அழலன்னா அப்பதான் வாயத் திறந்தே ஆகணும். "ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லா இருக்கு"ன்னு பொய் சொல்லாதீங்க, அவங்களுக்குத் தெரியும், நம்ம முகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க. "குழந்தை இன்னும் சரியா மூச்சு விடல, நாங்க மாஸ்க் வச்சு காத்து கொடுக்கிறோம், நான் உங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்"னு சொல்லுங்க, சொன்ன மாதிரி அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது சொல்லுங்க. ரத்தம் அதிகமா போகும்போதும் இதேதான். அடிவயித்துல கைய வச்சு அழுத்தித் தேய்க்கிறது எவ்வளவு வலிக்கும்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும், "வலிக்கும் மா, கர்ப்பப்பை சுருங்கினா ரத்தம் நிக்கும், அதுக்குத்தான்"னு சொல்லிட்டு செஞ்சா அது சிகிச்சை, சொல்லாம செஞ்சா அவங்களுக்கு அது அடிதடி மாதிரிதான் ஞாபகம் இருக்கும்.

இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு சொல்றேன்னா, போர்ல இருந்து திரும்பினவங்களுக்கு வர்ற அதே பிடிஎஸ்டி, அதாவது பயங்கரமா நடந்த ஒண்ணு திரும்பத் திரும்ப மனசுல வந்து வாட்டற நோய், பிரசவத்தாலயும் வருது. பொதுவா பெத்தவங்கள்ல சுமார் 4 சதவீதம் பேருக்கு, அவசர ஆபரேஷன், குழந்தை ஐசியூ போறது மாதிரி சிக்கலானவங்களுக்கு அதவிட பல மடங்கு. எவ்வளவு ரத்தம் போச்சுங்கறது மட்டும் இத முடிவு பண்றதில்ல, என்ன நடக்குதுன்னே தெரியல, யாரும் என் பேச்ச கேக்கல, என்ன ஒரு பொருளா நடத்துனாங்கங்கற நெனப்பு பெரிய காரணம். ரத்தப்போக்க நாம தடுக்க முடியாம போகலாம், இந்த நெனப்ப வர விடாம தடுக்கறது முழுக்க நம்ம கையில இருக்கு.

இன்னொண்ணு, "கத்தாதீங்க", "எல்லாரும் பெக்கறதுதானே", "இதுக்கே இப்படியா", "குழந்தை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன" இந்த நாலையும் தயவுசெஞ்சு வாயில இருந்து எடுத்துடுங்க. கடைசி வார்த்தை நல்ல மனசோட சொல்றதுதான், ஆனா அதக் கேட்ட அப்புறம் அவங்க தன் கஷ்டத்த யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க, சொன்னா நன்றிகெட்டவன்னு நெனப்பாங்களோன்னு.

குழந்தை இறந்து பிறந்தா

இத எழுதவே கை வர மாட்டேங்குது, ஆனா நம்மள யாரும் இதுக்கு தயார் பண்ணி அனுப்பறதில்ல, அதனால எழுதுறேன். இறந்துடுச்சுன்னு சொல்றதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கற இடமா, டாக்டர்தான் சொல்லணுமான்னு உங்க விதிமுறைய தெரிஞ்சு வச்சுக்கோங்க. சொல்ற இடத்துல இருந்தா சுத்தி வளைக்காம, "குழந்தை இறந்துடுச்சு மா, ரொம்ப வருத்தமா இருக்கு"ன்னு சொல்லுங்க. "தவறிடுச்சு", "நம்மள விட்டுப் போயிடுச்சு"ன்னு சுத்தி சொன்னா அதிர்ச்சில இருக்கறவங்களுக்குப் புரியாது, திரும்பத் திரும்ப கேப்பாங்க, ஒவ்வொரு தடவையும் மறுபடி காயம். சொல்லிட்டு அமைதியா இருங்க. அந்த அமைதிய நெரப்பணும்னு தோணும், நெரப்பாதீங்க.

குழந்தைய மூட்ட மாதிரி சுத்தி ஓரமா வைக்காதீங்க. உயிரோட இருக்கற குழந்தையப் புடிக்கிற மாதிரியே, தலைக்கு கை கொடுத்துப் புடிங்க, நல்ல துணில சுத்துங்க, முகம் தெரியட்டும். பாக்கணுமா, கையில வாங்கிக்கணுமான்னு கேளுங்க, வேணாம்னா வேணாம்தான், கட்டாயப்படுத்தக் கூடாது, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை கேளுங்க, ஏன்னா முதல்ல வேணாம்னவங்க அப்புறம் மனசு மாறலாம். பேர் வச்சிருந்தாங்கன்னா அந்தப் பேர சொல்லி பேசுங்க. "இன்னொண்ணு பெத்துக்கலாம்", "வயசு இருக்கு", "எல்லாம் நல்லதுக்குத்தான்" இது ஒண்ணும் வேணாம். மூணு மாசத்துல கலைஞ்ச கேஸ்லயும் இதேதான், நமக்கு அது ரத்தப்போக்கு கேஸ், அவங்களுக்கு அது குழந்தை.

பிரசவம் முடிஞ்சு வர்ற போன் கால்

இங்கதான் நாம நிறைய கோட்டை விடுறோம். குழந்தை பிறந்து பத்து நாள், மூச்சு முட்டுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, பயமா இருக்குன்னு கால் வரும். போய்ப் பாத்தா பொண்ணு அழுதுக்கிட்டு இருப்பாங்க, வீட்ல இருக்கறவங்க "ஒண்ணும் இல்ல சார், தூக்கம் இல்ல, டென்ஷன்"னு நமக்கு முன்னாடியே டயக்னோசிஸ் சொல்லிடுவாங்க. அத அப்படியே எழுதிக்காதீங்க. பச்ச உடம்புக்காரிக்கு வர்ற மூச்சு முட்டல் நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சதா இருக்கலாம், இதயத் தசை பலவீனமானதா இருக்கலாம், ரத்தம் நிறைய போனதால இருக்கலாம். குழப்பமா பேசறது கர்ப்பப்பைல கிருமி ஏறி காய்ச்சல் தலைக்கேறினதா இருக்கலாம். தலைவலி, கண்ணு மங்கறது, எரிச்சல் பிபியா இருக்கலாம், பிரசவம் முடிஞ்சு ஆறு வாரம் வரைக்கும் கூட ஜன்னி, அதாவது வலிப்பு, வர வாய்ப்பு இருக்கு. அதனால மனசு கேஸ்னு தோணுற ஒவ்வொரு கேஸ்லயும் பிபி, நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன், காய்ச்சல், சுகர் இந்த ஆறையும் பாத்தே ஆகணும். பிபி 140/90 தாண்டுனா ஆஸ்பத்திரில பாக்கணும், 160/110 தொட்டுச்சுன்னா அது உயிர் போற அவசரம். கால் ஒண்ணு மட்டும் வீங்கி வலிக்குதா, பேட் எத்தன மாத்துறாங்க, தீட்டுல நாத்தம் இருக்கான்னு கேளுங்க. பயம்ங்கற முத்திரைய கடைசியா குத்துங்க.

உடம்பெல்லாம் பாத்தாச்சு, சரியாத்தான் இருக்குன்னா அப்புறம் மனசு. பிரசவம் ஆன ரெண்டு மூணு நாள்ல காரணமே இல்லாம அழுகை வரும், அடுத்த நிமிஷம் சிரிப்பாங்க, இது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வர்றதுதான், ரெண்டு வாரத்துக்குள்ள தானா அடங்கிடும். ரெண்டு வாரம் தாண்டியும் விடாம இருந்தா, எதுலயும் பிடிப்பு இல்ல, நான் நல்ல அம்மா இல்ல, நான் இல்லாம இருந்தா குழந்தைக்கு நல்லதுங்கற பேச்சு வந்தா அது டிப்ரஷன். எல்லாரும் அழுதுக்கிட்டே இருப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க, சில பேர் வீட்ட பளிச்சுன்னு வச்சிருப்பாங்க, குழந்தைய அழகா வச்சிருப்பாங்க, கண்ணுல மட்டும் ஆளே இருக்காது.

நான் எல்லார்கிட்டயும் கேக்குற ஒரு கேள்வி இருக்கு. "குழந்தை தூங்கும்போது உங்களால தூங்க முடியுதா?" எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் பதில் வரும், தூக்கத்தப் பத்தி கேட்டா உண்மை வரும். ஒரு அம்மா கட்டில் ஓரத்துல உக்காந்து குழந்தையோட சின்ன சாக்ஸ் ஒண்ண விரல்ல மாட்டிக்கிட்டு கழட்டிக்கிட்டு இருந்தாங்க, நான் இந்தக் கேள்விய கேட்டதும் கை அப்படியே நின்னுடுச்சு, "நாலு நாளா கண்ண மூடல, மூடினா ஏதோ நடந்துடும்"னாங்க. அவங்க கூப்பிட்டது தையல் வலிக்குதுன்னு.

அடுத்ததா ரெண்டு கேள்வி, போன ஒரு மாசத்துல மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாத மாதிரி அடிக்கடி தோணுச்சா, முன்னாடி பிடிச்ச விஷயத்துல இப்ப ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருக்கா. ரெண்டுல ஒண்ணுக்கு ஆமான்னாலும் முழு பரிசோதனைக்கு அனுப்பணும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷன கண்டுபிடிக்க எடின்பரோ ஸ்கேல்னு 10 கேள்வி உள்ள ஒரு அட்டவணை 1987லேர்ந்து இருக்கு, அது ஆஸ்பத்திரிலயும் கிளினிக்லயும் வச்சுப் பாக்கறது, ஓடற வண்டில அத நிரப்ப உக்கார வேணாம். ஆனா அதோட பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கற எண்ணத்தப் பத்தினது, அந்த ஒண்ண மட்டும் விட்டுடாதீங்க.

நேராவே கேளுங்க. "இவ்வளவு கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு சில சமயம் செத்துடலாம்னு தோணும், உங்களுக்கு அப்படி தோணுச்சா?" கேட்டா அந்த எண்ணத்த நாமளே விதைச்சிடுவோம்னு பயப்படறாங்க நம்ம ஆளுங்க, அப்படி ஆகறதில்ல, ஆராய்ச்சிகளும் அதத்தான் சொல்லுது, கேட்டா பாரம் குறையுது. ஆமான்னா எப்படின்னு யோசிச்சீங்களா, அதுக்கு எதாவது எடுத்து வச்சிருக்கீங்களா, முன்னாடி முயற்சி பண்ணியிருக்கீங்களான்னு அடுத்தடுத்து கேளுங்க, குரல மாத்தாம, பிபி கேக்குற அதே குரல்ல. இதெல்லாம் வீட்டுக்காரர், மாமியார் எதிர்ல கேக்கக் கூடாது. வண்டிக்குள்ள நீங்களும் அவங்களும் மட்டும் இருக்கும்போது கேளுங்க, வீட்ல அடிக்கிறாங்களா, பயப்படற மாதிரி யாராவது இருக்காங்களாங்கறதும் அப்பதான். மொழி தெரியாதவங்களுக்கு குடும்பத்து ஆளையோ வீட்டுப் பிள்ளைங்களையோ வச்சு மொழிபெயர்க்காதீங்க, போன்லயாவது வெளி ஆளப் பிடிங்க.

"குழந்தைய ஏதாவது பண்ணிடுவேனோ"

இந்த வார்த்தைய கேட்டதும் நம்ம ஆளுங்க பாதி பேர் உடனே போலீஸுக்கு போன் போட்டுடுவாங்க. கொஞ்சம் நில்லுங்க, இதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கிட்டா ஒரு பக்கம் ஒரு குடும்பமே சிதையும், இன்னொரு பக்கம் உயிரே போகும்.

முதல் வகை, மாடிப்படி இறங்கும்போது குழந்தைய கீழ போட்டுடுவேனோ, கத்திய கையில எடுக்கவே பயமா இருக்குன்னு சொல்றவங்க. அந்த எண்ணம் வந்ததுக்கே நடுங்குவாங்க, அழுவாங்க, அதத் தவிர்க்க என்னென்னமோ பண்ணுவாங்க, கத்திய ஒளிச்சு வைப்பாங்க, குழந்தையக் குளிப்பாட்ட வேற யாரையாவது கூப்பிடுவாங்க. வேண்டாத எண்ணம் தானா வந்து உள்ள நுழையறது, புதுசா அம்மா ஆனவங்கள்ல நிறைய பேருக்கு ஏதோ ஒரு அளவுல வருது. ரொம்ப அதிகமாச்சுன்னா அது ஓசிடி, அதாவது ஒரே எண்ணம் விடாம வந்து ஆட்டிப் படைக்கிற நோய். இவங்க அந்த எண்ணத்துக்கு எதிரா போராடறவங்க, அதனால குழந்தைக்கு ஆபத்து கூடுறதில்ல. இவங்ககிட்ட "இந்த மாதிரி எண்ணம் வர்றது நிறைய பேருக்கு இருக்கு, சிகிச்சை இருக்கு, சொன்னதுக்கு நன்றி"ன்னு சொல்லணும். குழந்தைய அவசரமா பிடுங்கி தூரம் வச்சீங்கன்னா அவங்க பயந்தது நிஜம்னு நீங்களே ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது வகை, "இது என் குழந்தை இல்ல, மாத்திட்டாங்க", "குழந்தைக்குள்ள ஏதோ புகுந்திருக்கு", "ஒரு குரல் சொல்லுது"ன்னு பேசறவங்க. அந்த எண்ணத்துல அவங்களுக்கு நடுக்கம் இருக்காது, அது உண்மைன்னு நம்புவாங்க. இதுதான் பிரசவத்துக்கு அப்புறம் வர்ற சைக்கோசிஸ், எது நிஜம் எது இல்லன்னு பிரிச்சுப் பாக்க முடியாம போற மனநோய். ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள, சில மணி நேரத்துலயே முத்திடும். தூக்கம் சுத்தமா போயிடும், ஆனா களைப்பே தெரியாது, வேகவேகமா பேசுவாங்க, நாள் கிழமை குழம்பும். அவங்களுக்கோ வீட்ல யாருக்கோ பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி, ரொம்ப இறங்கற நோய்) இருந்துச்சா, முன்னாடி பிரசவத்துல இப்படி ஆச்சா, கர்ப்பம்னு தெரிஞ்சதும் மனநல மாத்திரைய நிறுத்திட்டாங்களான்னு கட்டாயம் கேளுங்க. பல பேருக்கு முன்னாடி எந்த வியாதியும் இருக்காது, அதனால இல்லன்னு பதில் வந்தா மட்டும் நிம்மதி ஆகிடாதீங்க.

இது நெஞ்சுவலி மாதிரியே எமர்ஜென்சி, அந்த நேரத்துல தெளிவா பேசறாங்கன்னு விட்டுட்டு வந்துடாதீங்க. இந்த நோயோட குணமே ஏறி இறங்கறதுதான், காலைல பித்து பிடிச்ச மாதிரி இருந்தவங்க நாம போறப்ப நல்லா பேசி அனுப்பி வச்சிடுவாங்க. வீட்ல பாத்தவங்க சொல்றத நம்புங்க. அம்மாவையும் குழந்தையையும் தனியா விடாதீங்க, அதே சமயம் குழந்தைய கண்ணுக்கு மறைவா கொண்டு போகாம, நம்பிக்கையான ஒருத்தர் கையில கொஞ்சம் தள்ளி வச்சிருங்க. அவங்க நம்பறது பொய்னு வாதாடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க, "நான் அந்தக் குரல கேக்கல, ஆனா உங்களுக்கு எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது"ன்னா போதும். டிவிய நிறுத்துங்க, ஆள குறைங்க, சைரன் தேவையில்லன்னா போடாதீங்க. கட்டித்தான் ஆகணும்ங்கற நிலைம கடைசி வழியா இருக்கட்டும், அப்பவும் குப்புறப் படுக்க வைக்கவே கூடாது. நிறைமாசமா இருக்கறவங்கள மல்லாக்கவும் படுக்க வைக்காதீங்க, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய அமுக்கும், இடது பக்கம் சாய்ச்சு வைங்க. சரியான சிகிச்சை கிடைச்சா இதுலேர்ந்து பெரும்பாலானவங்க முழுசா மீண்டு வர்றாங்க, அத குடும்பத்துக்கு அங்கயே சொல்லுங்க, பைத்தியம்ங்கற வார்த்தை அந்த வீட்டுல ஒரு தடவை விழுந்துட்டா எடுக்கறது கஷ்டம்.

இன்னும் ரெண்டு விஷயம் வேகமா சொல்லிடறேன். பால் கொடுக்கறீங்கன்னா மாத்திரைய நிறுத்திடுங்கன்னு நாம சொல்லவே கூடாது, பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கு, அது டாக்டர் முடிவு, திடீர்னு நிறுத்தறதுதான் ஆபத்து. மாத்திரைய அள்ளி முழுங்கியிருந்தா காலி அட்டை, பாட்டில் எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டுப் போங்க. அப்புறம் அப்பாவையும் ஒரு பார்வை பாருங்க, புதுசா அப்பா ஆனவங்கள்லயும் சுமார் பத்துல ஒருத்தருக்கு டிப்ரஷன் வருது, ரத்தத்த பாத்து மூலைல உறைஞ்சு நிக்கறவருக்கு ஒரு வேலைய கொடுங்க, பைய புடிக்க சொல்லுங்க, அவங்க கையப் புடிச்சுக்க சொல்லுங்க.

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னா

உடனே பேப்பர்ல கையெழுத்து வாங்காதீங்க. ஏன் வேணாம்னு கேளுங்க, முக்கால்வாசி பேருக்கு ஒரே பயம்தான், குழந்தைய எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு. குழந்தையும் கூட வரும்னு உங்களால உறுதியா சொல்ல முடிஞ்சா சொல்லுங்க, முடியலன்னா "என்ன ஆகும்னு எனக்குத் தெரிஞ்சத மறைக்க மாட்டேன்"னு சொல்லுங்க, கொடுக்க முடியாத வாக்க கொடுக்காதீங்க. உயிருக்கு ஆபத்து இல்லைன்னு உறுதியாகி, அப்பவும் வர மறுத்தா, இன்னைக்கு ராத்திரி யாரு கூட இருப்பாங்க, குழந்தைய யாரு பாத்துக்கிட்டு இவங்கள தூங்க விடுவாங்க, மாத்திரை பூச்சிமருந்து எல்லாம் எங்க பூட்டி வைக்கிறது, திரும்ப யார கூப்பிடணும்னு நாலையும் பேசி, அந்த நம்பர ஒரு தாள்ல எழுதி வச்சுட்டு வாங்க. உலக சுகாதார நிறுவனம் 2011ல மனநல முதலுதவிக்கு ஒரு கையேடு போட்டுச்சு, அதோட சாரமே பாரு, கேளு, இணை. மூணாவதுதான் நாம எப்பவும் விடறது. வாய்ல "டாக்டர பாருங்க"ன்னா அது இணைக்கறது ஆகாது, நம்ம போன்லேர்ந்தே நர்ஸுக்கு அடிச்சு பேச வச்சா அது இணைக்கறது.

அதே மாதிரி நடந்தத மறுபடி மறுபடி சொல்ல வைக்காதீங்க. பேசினா பாரம் இறங்கும்னு நெனச்சு அப்பவே முழுக் கதையையும் தோண்டி எடுக்கறது நல்லதில்ல, அவங்களா சொன்னா கேளுங்க, சொல்லலன்னா விட்டுடுங்க.

ஹேண்டோவர் கொடுக்கும்போது, அதாவது ஆஸ்பத்திரில அவங்கள ஒப்படைக்கும்போது, அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க. "கொஞ்சம் டிப்ரஸ்டா இருக்காங்க"ன்னா லேபர் வார்டுல கூட்டத்துல யாரும் காதுல வாங்க மாட்டாங்க. "நாலு நாளா தூங்கல, நான் இல்லன்னா குழந்தை நல்லா இருக்கும்னு ரெண்டு தடவை சொன்னாங்க, மாத்திரை சேத்து வச்சிருக்கறதா சொன்னாங்க"ன்னா கேக்கற நர்ஸ் நிமிந்து பாப்பாங்க. அவங்க தலைக்கு மேல நின்னு எல்லார் எதிர்லயும் சொல்லாதீங்க, ரெண்டு அடி தள்ளி வந்து சொல்லுங்க, ஆனா என்ன சொல்லப் போறீங்கன்னு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க. கேஸ் ஷீட்லயும் அதே வார்த்தை.

கண்ட்ரோல் ரூம்ல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு. வண்டி வர்ற வரைக்கும் அவங்களோட இருக்கறது உங்க குரல் மட்டும்தான். லைன்ல மௌனம் விடாதீங்க, டைப் பண்ணும்போதும் "நான் இங்கதான் இருக்கேன், வண்டி கிளம்பிடுச்சு"ன்னு சொல்லிக்கிட்டே இருங்க.

குழந்தை இறந்த கேஸ் முடிச்சு வந்தா அடுத்த காலுக்கு உடனே ஓடாம, முடிஞ்சா கண்ட்ரோல் ரூம்ல கொஞ்ச நேரம் அவகாசம் கேளுங்க, உங்ககூட வேலை பாத்தவர் எப்படி இருக்கார்னு பாருங்க, வீட்ல கைக்குழந்தை இருக்கறவருக்கு அது இன்னும் கஷ்டம். ரெண்டு மூணு வாரம் ஆகியும் தூக்கத்துல அதே வந்தா டாக்டர பாருங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கடைசியா, குழந்தை பிறந்ததும் மணிய பாத்து நாம கேஸ் ஷீட்ல எழுதறோம்ல, அதயே ஒரு சின்ன தாள்லயும் எழுதுங்க, பிறந்த நேரம், எங்க வச்சு பிறந்துச்சு, முதல் அழுகை எத்தன மணிக்கு, யார் யார் கூட இருந்தோம். ஆஸ்பத்திரில இறக்கி விட்டுட்டு கிளம்பும்போது அத அவங்க கையில கொடுத்து, "நீங்க நல்லா சமாளிச்சீங்க மா, பின்னாடி இத பத்தி எதாவது கேக்கணும்னா கேளுங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. நான் முதல்ல சொன்ன அந்த அம்மா, அந்த 20 செகண்டு எவ்வளவு நேரம்னு அவங்களுக்கு தெரியவே தெரியாது, அஞ்சு நிமிஷம் குழந்தை அழலன்னுதான் அத்தன மாசமும் நெனச்சிருந்தாங்க.